கார் தரை கார்பெட், மேட் சுத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாட்டர் வாஷ் கொடுத்துத் திரும்ப எடுக்கும்போது கார் பளபளவென்று இருக்கும். மூன்றாம் நாள் காலை கதவைத் திறந்தால் காயாத துணி வாடை வரும். இந்தப் புகார்தான் எல்லாரிடமும் கேட்கிறேன். கார்பெட்டை அழுக்கு கெடுப்பதைவிட ஈரம் கெடுப்பதுதான் அதிகம். கீழே உள்ள பதில்களில் அதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பேன். சென்னை, புதுச்சேரி, நாகை போன்ற கடலோர ஊர்களின் புழுக்கத்தை மனதில் வைத்து எழுதியது இது. மதுரை, கோவை பக்கம் காயும் நேரம் கொஞ்சம் குறையும்.

மேட்டையும் கார்பெட்டையும் ஒரே மாதிரி கழுவலாமா?

கூடாது. மேட்டைக் கழற்றி வெளியே எடுத்து எப்படி வேண்டுமானாலும் அலசலாம். கார்பெட் அப்படியல்ல. சீட்டு, நடு கன்சோல், வாசல்படி பிளாஸ்டிக் எல்லாவற்றையும் கழற்றினால்தான் அது வெளியே வரும். அதற்கு அடியில் அண்டர்லே என்று ஒரு கனத்த அடுக்கு இருக்கிறது. சில கார்களில் துணிக் கழிவை அழுத்திச் செய்த ஃபெல்ட், சிலவற்றில் ஃபோம். சாலைச் சத்தத்தையும் சூட்டையும் தடுக்க வைத்தது.

மேலே கண்ணுக்குத் தெரியும் கார்பெட், நம் ஊர்ச் சின்ன கார்களில் பெரும்பாலும் பாலியஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் இழை. இந்த இழை தண்ணீரைக் குடிக்காது, ஒரே வெயிலில் காய்ந்துவிடும். அண்டர்லே அப்படியில்லை, ஊற்றியதையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். மேலே கார்பெட், கீழே இரும்புத் தகடு என்று இருபக்கமும் மூடியிருப்பதால் அந்த ஈரம் போக வழியே இல்லை. கையால் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் வாரக்கணக்கில் நனைந்தே கிடக்கும். வாடை, பூஞ்சை, தகட்டில் துரு மூன்றும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

அப்படியானால் வாரா வாரம் என்னதான் செய்வது?

தண்ணீர் இல்லாத வேலை மட்டும். மேட்டை எடுத்து உதறுங்கள். துணி மேட்டாக இருந்தால் கவிழ்த்துப் போட்டுக் குச்சியால் தட்டுங்கள். அப்புறம் கார்பெட்டைக் காய்ந்த பிரஷ்ஷால் எதிர்ப்பக்கமாகத் தேய்த்துவிட்டு வேக்குவம் போடுங்கள். பிரஷ் போடாமல் வேக்குவம் மட்டும் போட்டால் மேல் தூசிதான் வரும். இழைக்குள் இறங்கிய மணல் அங்கேயே தங்கும். ஒவ்வொரு முறை கால் வைக்கும்போதும் அந்த மணல் இழையை அறுக்கிறது. கிளட்ச் பக்கம் குதிகால் ஊன்றும் இடத்தில் கார்பெட் மொட்டையாவது இதனால்தான்.

முன் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி ஒரு தடவை, முழுக்க முன்னால் தள்ளி ஒரு தடவை. சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பு கொண்ட வயர் தெரிந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. அதை இழுக்கவோ கழற்றவோ வேண்டாம்.

மழை நாளில் சேறு ஒட்டியிருந்தால் உடனே துடைக்காதீர்கள். துடைத்தால் பரவும். காயவிட்டு, உதிர்த்து, வேக்குவம் போட்டால் பெரும்பகுதி போய்விடும். செம்மண் சாயம் மட்டும் மிஞ்சினால் ஈரத்துணி போதும்.

கடற்கரை மணலுக்குத் தனி வழி உண்டா?

மணல் பிரச்சினையே இல்லை, காய்ந்தால் வந்துவிடும். அதோடு வரும் உப்புதான் பிரச்சினை. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் அந்த இடம் எப்போதும் பிசுபிசுவென்றே இருக்கும். மணலை எடுத்த பிறகு வெறும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு மூன்று முறை ஒத்தி எடுங்கள்.

கார்பெட்டை ஈரமாகச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். எப்படி?

காலையில் ஆரம்பியுங்கள். மாலையில் ஆரம்பித்தால் இரவு முழுக்க ஈரத்தோடு நிற்கும். வேக்குவம் போட்டு முடித்த பிறகுதான் ஈரம்.

ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டு, கையால் அடித்து நுரை வரவழையுங்கள். வேலை செய்யப்போவது நுரை. தண்ணீரைக் கார்பெட்டில் ஊற்றவே வேண்டாம். துணி தேய்க்கும் பிரஷ்ஷில் நுரையை அள்ளி, இரண்டு கை அகல இடத்தில் மட்டும் போட்டு, அழுத்தாமல் வட்டமாகத் தேயுங்கள். உடனே பழைய வேட்டியையோ பனியன் துணியையோ வைத்து அழுத்தி ஒத்துங்கள். துணியில் பழுப்பாக ஏறும். அப்புறம் நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் ஒருமுறை, காய்ந்த துணியால் ஒருமுறை. அந்த இடத்தை முடித்துவிட்டு அடுத்த இடத்துக்கு நகருங்கள். முழுத் தரையையும் ஒரே வீச்சில் நுரையாக்கிவிட்டால் துடைத்து முடிப்பதற்குள் கடைசிப் பகுதி அடியில் இறங்கியிருக்கும்.

நல்ல தண்ணீர்த் துணியை யாரும் தவிர்க்கக் கூடாது. சோப்பு மிச்சம் இழையில் காய்ந்தால் பிசுக்காக நின்று, அடுத்த தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ‘சுத்தம் செய்த பிறகு முன்னைவிட வேகமாக அழுக்காகிறது’ என்று சொல்பவர்களின் காரில் நடந்தது பெரும்பாலும் இதுதான்.

ஈரத்தையும் உறிஞ்சும் வேக்குவம் இருந்தால் துணி வேலை பாதியாகும். வீட்டு வேக்குவம் பெரும்பாலும் காய்ந்த தூசிக்கு மட்டும். அதில் தண்ணீரை இழுத்தால் மோட்டார் போவதோடு ஷாக் அடிக்கவும் வாய்ப்புண்டு.

துணி துவைக்கும் பவுடர், பிளீச் போடலாமா?

பவுடர் நுரை அதிகம், அலசத் தண்ணீர் நிறைய வேண்டும். அந்தத் தண்ணீர்தான் நமக்கு ஆகாது. பிளீச் சாயத்தை எடுத்துவிடும். அதை வினிகரோடோ வேறு அமிலத்தோடோ கலந்தால் நச்சுவாயுவே வரும். மூடிய காருக்குள் அது விளையாட்டல்ல. டீசல், மண்ணெண்ணெய், தின்னர் எதுவும் உள்ளே வேண்டாம். வாடையும் போகாது, தீ அபாயமும் உண்டு.

எந்தப் புதுப் பொருளானாலும் சீட்டுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கொஞ்சம் போட்டு, வெள்ளைத் துணியால் ஒத்திப் பாருங்கள். துணியில் சாயம் ஏறினால் விட்டுவிடுங்கள்.

ஆப்பசோடாவும் வினிகரும் கலந்தால் எந்தக் கறையும் போகும் என்கிறார்களே?

கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். பொங்கி வரும் நுரை வெறும் கரியமில வாயு. மிச்சம் உப்பு கலந்த தண்ணீர். பார்க்க வேலை நடப்பது போல இருக்கும், அவ்வளவுதான்.

தனித்தனியாக இரண்டும் நல்லவை. காய்ந்த கார்பெட்டில் ஆப்பசோடாவைத் தூவி, இரவு முழுக்க விட்டு, காலையில் வேக்குவம் போட்டால் வாடை குறையும். ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்தால் காபி, டீ கறைக்கும் சோப்பு மிச்சத்தை எடுக்கவும் உதவும். வினிகர் வாடை காய்ந்ததும் போய்விடும்.

சாம்பார் கொட்டிவிட்டது. சோப்பு போட்டதும் கறை சிவப்பாகிவிட்டது. கெட்டுப்போனதா?

இல்லை, பயப்பட வேண்டாம். மஞ்சளிலுள்ள குர்குமின் காரத்தன்மை பட்டால் செந்நிறமாகும். துணி சோப்பும் பவுடரும் காரத்தன்மை உள்ளவை. கொஞ்சம் வினிகர்த் தண்ணீர் தொட்டுப் பாருங்கள், மறுபடி மஞ்சளாகும்.

சாம்பாரில் மஞ்சளும் எண்ணெயும் சேர்ந்திருக்கின்றன. முதலில் ஸ்பூனால் வழித்து எடுங்கள். அப்புறம் பாத்திர லிக்விட் நுரையால் எண்ணெயை எடுங்கள். மிஞ்சும் மஞ்சளை வெயிலிடம் விட்டுவிடுங்கள். குர்குமின் வெயிலில் சிதையும் பொருள். மேட்டாக இருந்தால் இரண்டு நாள் மொட்டை மாடியில் போடுங்கள். கார்பெட்டாக இருந்தால் அந்தப் பக்கக் கதவு வெயிலைப் பார்க்கும்படி காரை நிறுத்தித் திறந்துவையுங்கள். தேய்த்துத் தேய்த்து இழையைப் பிய்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பால் பாக்கெட் உடைந்துவிட்டது. இட்லி மாவும் கொட்டியிருக்கிறது.

இரண்டுக்கும் முதல் விதி, வெந்நீர் கூடாது, ஸ்டீமும் கூடாது. சூடு பட்டால் பாலிலுள்ள புரதம் திரைந்து இழையோடு ஒட்டிக்கொள்ளும். முட்டைக்கும் ரத்தத்துக்கும் இதே விதிதான். குளிர்ந்த தண்ணீர் மட்டும்.

மாவை முதலில் வழித்துவிடுங்கள். கவனிக்காமல் காய்ந்துவிட்டால் ஈரம் போடாமல் பழைய சீப்பால் வாரி உதிர்த்து வேக்குவம் போடுங்கள், பெரும்பகுதி பொடியாக வந்துவிடும். மாவு ஏற்கெனவே புளிக்கும் பொருள். கார் வெயிலில் நின்றால் உள்ளே இன்னும் வேகமாகப் புளிக்கும். அதனால் மாவு கொட்டினால் ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்று விடாதீர்கள்.

பால் மட்டும் மேலே நிற்காது, நேராக அண்டர்லேக்கு இறங்கிவிடும். அரை லிட்டர் பாக்கெட் முழுக்கப் போயிருந்தால் மேலே என்ன துடைத்தாலும் நான்காம் நாள் வாடை கிளம்பும். வாசல்படி பிளாஸ்டிக்கைத் தூக்கி, கார்பெட்டை ஓரத்தில் விலக்கி, அடிப் பஞ்சில் தண்ணீர் விட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். என்ஸைம் (புரதம் போன்றவற்றைச் சிதைக்கும் நொதி) கலந்த கிளீனர் இங்கே உண்மையாகவே பயன்படும், ஆனால் அதற்கு நேரம் வேண்டும். தெளித்தவுடன் துடைத்தால் பயனில்லை, பாட்டிலில் சொன்ன நேரம் ஈரமாகவே இருக்கட்டும்.

மீன் வாங்கி வந்த பையிலிருந்து தண்ணீர் ஒழுகிவிட்டது.

எனக்குத் தெரிந்து காரில் இதைவிடப் பிடிவாதமான வாடை இல்லை. மீன் வாடைக்குக் காரணமான அமீன்கள் காரத்தன்மை உள்ளவை, அதனால் அமிலம் அவற்றை அடக்கும். சமையலில் மீனுக்கு எலுமிச்சை பிழிவதும் புளி சேர்ப்பதும் இதற்காகத்தான், அதே கணக்கு இங்கேயும் பொருந்தும். குளிர்ந்த தண்ணீரில் ஒத்தி எடுத்துவிட்டு, வினிகர்த் தண்ணீரைத் தெளித்துப் பத்து நிமிடம் விட்டு, மறுபடி ஒத்துங்கள். பிறகு என்ஸைம் கிளீனர். காய்ந்த பிறகு ஆப்பசோடா. வாசனை ஸ்ப்ரே அடித்தால் மல்லிகையும் மீனும் கலந்த வாடைதான் வரும். டிக்கியில் ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி வைத்துக்கொள்ளுங்கள், இவ்வளவு வேலையும் மிச்சம்.

குழந்தையின் வாந்தி, சிறுநீர்?

கையுறை போட்டு வழித்தெடுத்து, குளிர்ந்த தண்ணீர், பிறகு என்ஸைம் கிளீனர். மலைப்பாதையில் ஓரமாக நிறுத்தி உடனே செய்ய முடிந்தது அவ்வளவுதான் என்றால், வழித்தெடுத்து ஈரத்தை ஒத்தி, மேலே ஆப்பசோடாவோ டால்கம் பவுடரோ கொட்டி வையுங்கள். வீட்டுக்கு வந்து மீதியைப் பார்க்கலாம்.

எண்ணெய், சூயிங்கம், பேனா மை, விபூதி?

எண்ணெய் கொட்டினால் மேலே டால்கம் பவுடரையோ சோள மாவையோ தூவி அரை மணி நேரம் விடுங்கள். எண்ணெயை இழுத்துக்கொண்டதும் வேக்குவம், பிறகு பாத்திர லிக்விட் நுரை. எண்ணெய் எடுக்கச் சீயக்காய் போடும் பழக்கம் சிலரிடம் உண்டு. வெளிர் நிறக் கார்பெட்டில் அது பழுப்பு படியும், வேண்டாம். சூயிங்கத்தின் மேல் பனிக்கட்டியைப் பையில் வைத்து உறையவிட்டால் உடைந்து வரும். மைக்கு ஆல்கஹால் சானிடைசரைத் துணியில் தொட்டு ஒத்துங்கள், தேய்க்க வேண்டாம். கதவைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், அது தீப்பற்றும் பொருள். விபூதியில் தண்ணீரே படக் கூடாது, வேக்குவம் மட்டும்.

எந்த மேட்டை எப்படிக் கழுவுவது?

ரப்பர் மேட் வேலையே இல்லாத மேட். சோப்பு, பிரஷ், தண்ணீர், நிழலில் உலர்த்தல். தினம் கொளுத்தும் வெயிலில் போட்டால் வெடிப்பு விடும். பளபளப்புக்காக டயர் பாலிஷ் தடவுகிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். பிரேக்கிலிருந்து ஷூ வழுக்கும்.

நூடுல்ஸ் மேட் எனப்படும் பிவிசி சுருள் மேட் கண்ணுக்குச் சுத்தமாகவே தெரியும், அள்ளின மண்ணையெல்லாம் உள்ளே வைத்திருக்கும். கவிழ்த்துத் தட்டி, பின்பக்கத்திலிருந்து வேகமாகத் தண்ணீர் அடியுங்கள். முன்பக்கத்திலிருந்து அடித்தால் மண் இன்னும் உள்ளேதான் போகும். தொங்கவிட்டுக் காயவையுங்கள்.

துணி மேட்டைக் கழுவி நல்ல வெயிலில் போடலாம். தேங்காய் நார் மேட்டை நனைக்காதீர்கள், தட்டி வெயிலில் வைத்தால் போதும்.

7டி மேட் என்று விற்கிறார்களே, லெதரெட் என்ற செயற்கைத் தோலால் பெட்டி மாதிரி தைத்தது, அதை வாங்கியவர்கள் ‘அடியில் எதுவும் இறங்காது’ என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். தையல் வழியாகவும் ஓரம் வழியாகவும் இறங்கும். இறங்கியது மேலே வர வழியில்லை. உள்ளே ஃபோம் இருப்பதால் தண்ணீரில் முக்கவும் முடியாது, ஈரத்துணியால் துடைக்கலாம். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது கழற்றி அடியில் கை வைத்துப் பாருங்கள். கடலோர ஊரில் இருப்பவர்களுக்கு என் சிபாரிசு சாதாரண ரப்பர் மேட்தான்.

எதுவும் கொட்டவில்லை, ஆனால் முன் இடது பக்கத் தரை ஈரமாக இருக்கிறது. ஏன்?

முதல் சந்தேகம் ஏசியின் வடிகால் குழாய். ஏசி காற்றிலிருந்து எடுக்கும் தண்ணீர் அந்தக் குழாய் வழியாகக் காருக்கு அடியில் சொட்ட வேண்டும். தூசியும் இலையும் அடைத்தால் அது டேஷ்போர்டுக்குக் கீழே தரையில் இறங்கும். புழுக்கமான நாளில் ஏசியைப் போட்டுக் கால் மணி நேரம் நிறுத்திவைத்து, அடியில் சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டாவிட்டால் அடைப்புதான். மெக்கானிக்குக் குழாயைச் சுத்தம் செய்வது சின்ன வேலை.

மழைக்குப் பிறகு மட்டும் ஈரமானால் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்தைப் பாருங்கள். வேப்ப மரத்தடியில் நிற்கும் கார்களில் அங்கே இலையும் பூவும் சேர்ந்து தண்ணீர் போகும் வழி அடைந்துவிடும். கதவின் கீழ் ஓட்டை, ரப்பர் பீடிங், சன்ரூஃப் இருந்தால் அதன் வடிகால் ஆகியவை அடுத்தவை. ஈரம் பிசுபிசுப்பாகவும் இனிப்பு வாடையோடும் இருந்தால் அது கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். உடனே ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கள். கசிவை நிறுத்தாமல் கார்பெட்டைக் காயவைப்பது வீண் வேலை.

நன்றாகக் காய்ந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மேலே தடவிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நாலாக மடித்த டிஷ்யூ பேப்பரைக் கார்பெட்டில் வைத்து, குதிகாலால் அரை நிமிடம் அழுத்துங்கள். பேப்பர் நனைந்தால் அடியில் இன்னும் ஈரம் இருக்கிறது.

நான்கு கதவையும் திறந்து வெயிலில் விட்டு, டேபிள் ஃபேனைத் தரையைப் பார்த்து வைப்பது நம் ஊருக்கு நல்ல வழி. மழைக்காலத்தில் வெளிக்காற்றே ஈரமாக இருப்பதால் கதவைத் திறந்து பயனில்லை. கண்ணாடிகளை ஏற்றி, ஏசியைக் கால் பக்கம் திருப்பி ஓட்டிச் செல்லுங்கள், ஏசி ஈரத்தை இழுத்து வெளியே விடும். மூடிய கராஜுக்குள் இன்ஜினை ஓடவிட்டுக் காயவைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

ஊரிலிருந்து வந்து பார்த்தால் தரையெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சை.

காருக்குள் உட்கார்ந்து தட்டாதீர்கள், பொடி பறந்து மூச்சில் போகும். மாஸ்க் போட்டு, கதவுகளைத் திறந்துவைத்து, வேக்குவம் போடுங்கள். அப்புறம் வினிகர்த் தண்ணீர் அல்லது ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, முழு நாள் வெயில். வேக்குவத்தின் தூசியையும் உடனே வெளியே கொட்டிவிடுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் அண்டர்லே நனைந்திருக்கிறது என்று அர்த்தம். சிலர் நாப்தலீன் உருண்டை போட்டு வைக்கிறார்கள். மூடிய காரில் அந்த ஆவி கைக்குழந்தைகளுக்கு ஆகாது. மரக்கரித் துண்டுகளைத் துணிப்பையில் கட்டி வைப்பது பாதுகாப்பானது.

எலி புகுந்து கார்பெட்டைக் கடித்திருக்கிறது.

எலிக் காய்ச்சல் அதன் சிறுநீர் வழியாகப் பரவும், அதனால் வெறுங்கையால் தொடாதீர்கள். புழுக்கையைக் காய்ந்தபடி பெருக்கவும் வேண்டாம். கிருமிநாசினி தெளித்து ஊறவிட்டு, பேப்பரால் எடுத்துப் போட்டுவிடுங்கள். அண்டர்லேயைப் பிய்த்துக் கூடு கட்டியிருந்தால் அந்தப் பகுதியை மாற்றுவதே சரி. சீட்டுக்கடியில் சிதறிய பொரியும் பிஸ்கட் தூளும்தான் அதை வரவழைத்தவை.

வெள்ளத்தில் கார் மூழ்கியது. கார்பெட்டைக் காயவைத்தால் போதுமா?

போதாது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் தெருவில் நின்ற தண்ணீர் மழைநீர் மட்டுமல்ல, சாக்கடையும் கலந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்த அண்டர்லேயைக் காப்பாற்ற முயல வேண்டாம். சீட்டுகளைக் கழற்றி, கார்பெட்டை முழுக்க வெளியே எடுத்து, அண்டர்லேயை மாற்றி, தகட்டைக் கழுவிக் காயவைத்த பிறகுதான் திரும்பப் போட வேண்டும். பல கார்களில் தரையோடு வயர்களும், நடு கன்சோலுக்குக் கீழே ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் இருக்கின்றன. அதனால் இது ஒர்க்‌ஷாப் வேலை.

அதுவரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். எதையும் துடைப்பதற்கு முன் தண்ணீர் ஏறிய அளவு தெரியும்படி போட்டோ எடுத்து, இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். ஹைபிரிட், எலக்ட்ரிக் கார் என்றால் நீங்களாக எதையும் தொட வேண்டாம்.

வாட்டர் வாஷ் கடையில் என்ன சொல்லிக் கொடுப்பது?

‘உள்ளே வேக்குவம் மட்டும், தண்ணீர் அடிக்காதீங்க’ என்று சொல்லுங்கள். பக்கத்தில் நின்றால் இன்னும் நல்லது. மேட்டைக் கழுவினால் ஈரத்தோடு உள்ளே போட வேண்டாம், டிக்கியில் பாலிதீன் விரித்து அதன்மேல் வைக்கச் சொல்லுங்கள், வீட்டில் காயப்போட்டுக்கொள்ளலாம். பலரிடம் வாடை ஆரம்பிப்பதே அந்த ஈர மேட்டில்தான். தரையில் விரித்துத் தரும் பேப்பரை, டிரைவர் பக்கம் இருப்பதையாவது, எடுத்துவிட்டு ஓட்டுங்கள்.

மேட்டைத் திரும்பப் போடும்போது கவனிக்க வேண்டியது?

டிரைவர் பக்கம் ஒரே ஒரு மேட். பழைய மேட்டின் மேல் புது மேட் கூடவே கூடாது. தரையில் கொக்கி இருந்தால் மேட்டின் ஓட்டையை அதில் மாட்டுங்கள். 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியேகோ அருகே ஒரு லெக்சஸ் காரில் வேறு மாடலுக்கான ரப்பர் மேட்டைப் போட்டிருந்தார்கள். அதில் ஆக்ஸிலரேட்டர் சிக்கிக்கொண்டது. காரிலிருந்த நான்கு பேரும் இறந்துபோனார்கள். அடுத்து டொயோட்டா மேட் பிரச்சினைக்காகச் சுமார் 38 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது.

மேட்டைப் போட்டதும், இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன், மூன்று பெடலையும் கடைசி வரை மிதித்து விடுங்கள். ஏதாவது ஒன்று மேட் ஓரத்தில் உரசினால் அந்த மேட் உங்கள் காருக்கானது அல்ல.